சதுரக் கண் வலை

எங்கள் பள்ளிக்கூடத்துச் சாவிகள் மொத்தமும் என்னிடம்தான். ஆர்டரில் ‘ஆய்வக உதவியாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு உதவி செய்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கலாம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று நினைத்தேன். அட போங்க! எட்டரைக்கு கேட்டைத் திறப்பது நான். பிரேயரில் மைக் கரகரத்தால் இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்வது நான். டி.சி. வாங்க வந்தவர்களுக்கு எந்த டேபிள் என்று காட்டுவதும் நான். இதற்கு நடுவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பியூரெட் கழுவி வைக்க வேண்டும், உப்புப் பரிசோதனைக்கு பாட்டில்களில் எண் ஒட்ட வேண்டும். எந்த எண்ணில் எந்த உப்பு என்பது கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பிராக்டிகல் அன்றைக்குப் பிள்ளைகள் பாட்டிலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் உம்மென்று வைத்துக்கொள்வேன்.

மீமிசலுக்குப் பக்கத்தில், கடலோர ரோட்டின் மேலேயே இருக்கிற பெண்கள் பள்ளி அது. என் வீடு கோட்டைப்பட்டினத்தில். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும் முதல் வேலை கையைத் தேய்த்துக் கழுவுவது. உப்புப் பரிசோதனை நடந்த நாளென்றால் அழுகிய முட்டை வாடை லேசில் போகாது. என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், அவர் மேல் எப்போதும் மீன் வாடை. “நீ முட்ட, நா மீனு. ரெண்டு பேரும் சேந்து ஓட்டல் வச்சிரலாம் புள்ள” என்பார். இந்த ஜோக்கை அவர் இருபது வருஷமாகச் சொல்கிறார். நானும் இருபது வருஷமாகச் சிரிக்காமல் இருக்கிறேன்.

டீயைக் குடித்துவிட்டு வயர் கட்டோடு முற்றத்தில் உட்கார்ந்தேன் என்றால் பிறகு என்னை யாரும் கூப்பிடக்கூடாது. வயர் கூடை பின்னுவது என் பைத்தியம். சாதாக் கூடை, நெல்லிக்காய்க் கூடை, சிவன் கண் கூடை எல்லாம் வரும். இடையிடையே குரோஷாவும் உண்டு. ஆனால் மனசு வயரில்தான். எங்கள் ஸ்டாஃப் ரூமில் வந்து பாருங்கள், மேஜைக்கடியில் வரிசையாக நிற்கிற சாப்பாட்டுக் கூடைகளில் முக்கால்வாசி என் கைவேலை. எச்.எம். அம்மாவுடையது மயில் கழுத்து நிறம். மேத்ஸ் டீச்சருடையது மஞ்சளும் கறுப்பும். அது அவர் கேட்ட நிறம், எனக்குப் பிடிக்கவில்லை. பகலெல்லாம் யார் கூப்பிட்டாலும் ஓடுகிறவள் நான். சாயங்காலம் மட்டும் நான் சொன்னபடி வயர் கேட்கும். அதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை வேறு யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு அது விளையாட்டுச் சாமான். அவர் படகு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார், நான் கூடையோடு ஒரு பக்கம். “இது வேல. அது பொழுதுபோக்கு” என்று முதலில் தன் வலையையும் பிறகு என் கூடையையும் காட்டுவார். “போங்க, பெரிய வேல!” என்பேன். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

இப்படி இருக்கையில், காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை பி.டி. டீச்சர் ஆய்வகத்துக்கு வந்தார். சின்ன வயசு, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, நெட்ட எடுங்க. சனிக்கெழம குறுவட்டப் போட்டி நம்ம கிரவுண்டுல. வாலிபால் புள்ளைங்க இன்னைலேருந்து நெட் கட்டி ஆடட்டும்.”

ஸ்டோர் ரூமைத் திறந்தேன். லீவுக்கு முன்னால் நான்தான் வலையை அழகாக மடித்து அடித்தட்டில் வைத்திருந்தேன். தூக்கினேன். கையில் பாதி வந்தது. மீதி பொலபொலவென்று கொட்டியது.

எலி. வலையில் எலிக்கு என்ன ருசி என்று கேட்கிறீர்களா? பக்கத்திலேயே ஒரு மூட்டை கொண்டைக்கடலை இருந்தது. “ஒங்க ரூம் பூட்டு நல்லாருக்கு, லீவு முடியிற வரைக்கும் இருக்கட்டும்” என்று சத்துணவு அம்மா கொண்டுவந்தபோது, பெரிய மனுஷி மாதிரி “வைங்க வைங்க” என்றவள் நான்தான். மூட்டைக்குப் போகிற வழியில் வலை இருந்திருக்கிறது, எலி வழி பண்ணிக்கொண்டு போயிருக்கிறது. சத்துணவு அம்மாவைத் திட்டினேன், எலியைத் திட்டினேன், கடைசியில் என்னைத் திட்டிக்கொண்டேன். மேல் விளிம்பின் வெள்ளைப் பட்டையும் நீளக் கயிறும்தான் முழுசாக இருந்தன.

பி.டி. டீச்சர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. போனை எடுத்து அறந்தாங்கி கடைக்குப் பேசினார், பிறகு புதுக்கோட்டைக் கடைக்கு. எல்லாப் பள்ளிக்கும் போட்டி சமயம். இருந்ததெல்லாம் விற்றுப்போய்விட்டது, அடுத்த வாரம்தான் வரும் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

“பக்கத்து ஸ்கூல்ல கடன் கேட்டா என்ன டீச்சர்?”

“கேட்டா முடிஞ்சுதுக்கா. ‘நெட்டு இல்லாத எடத்துல எதுக்கு மேட்ச்சு, எங்க கிரவுண்டுலயே வச்சுக்கலாம்’னு அவுங்களே வாங்கிக்கிட்டுப் போயிருவாங்க. வாங்கிட்டா நம்ம கேப்டன் வர மாட்டா.”

எனக்குச் சுரீரென்றது. கேப்டன் பிள்ளையின் அம்மாவை எங்கள் பள்ளியில் தெரியாதவர்கள் கிடையாது. மீமிசலில் மீன் விற்கிறவர், தனி ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறவர். போன வருஷம் வெளியூர் போட்டிக்குப் போன பிள்ளைகளுக்கு பஸ் கிடைக்காமல், நன்றாக இருட்டிய பிறகுதான் வந்து இறங்கினார்கள். அவ்வளவு நேரமும் அந்த அம்மா பஸ் ஸ்டாப்பில் ஒற்றை ஆளாக நின்றிருக்கிறார். மறுநாள் காலையில், நான் கேட்டைத் திறந்ததும் உள்ளே வந்தவர் ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டார். “எம்புள்ளைக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு நா செத்துச் செத்துப் பொழச்சேன். இங்கன ஆடுனா ஆடட்டும். ஊரு தாண்டி ஒரு எட்டு வைக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்!” அந்த அம்மா சொன்னது நியாயம்தானே.

பிள்ளை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இந்தப் பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம், சொந்த கிரவுண்டில் நடக்கிற ஒரே போட்டியும் இதுதான். அதை நான் ஒரு மூட்டைக் கடலைக்குப் பலி கொடுத்திருந்தேன்.

“டீச்சர், வெளிய மூச்சு விடாதீங்க. சனிக்கெழம நெட்டு கம்பத்துல இருக்கும். நா பொறுப்பு” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. கோபத்தில் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து யாராவது இதைக் கேட்பார்களா என்று காத்திருந்தவர் மாதிரி எழுந்து உட்கார்ந்தார்.

“வலையா? வலைக்கா நீ அழுவுற? வலக்காரன் பொண்டாட்டி வலைக்கு அழுவுறது ஊருக்குத் தெரிஞ்சா எம்மானம் போகும். ஒம்போதர மீட்டரு நீளம், ஒரு மீட்டரு அகலம், அம்புட்டுத்தான? புதன்கெழம கையில தாரேன்.”

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உழைத்தார். கெட்டி நைலான் நூலை வலை பின்னுகிற ஊசியில் சுற்றிக்கொண்டு, வலைக் கண்ணின், அதாவது ஓட்டையின், அளவுக்கு ஒரு பலகைத் துண்டை வைத்து, மூன்று சாயங்காலம் கண் மேல் கண்ணாகப் போட்டுக்கொண்டே போனார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. நான் வயரைத் தொட்டால், “நீ ஒம் பொழுதுபோக்கப் பாரு” என்று ஒரு சிரிப்பு. புதன்கிழமை மாலை வாசலில் விரித்துப் போட்டு அளந்து காட்டினார். ஒன்பதரை மீட்டர், ஒரு மீட்டர், ஒரு விரல் பிசகில்லை. தெருவில் போன அவருடைய கூட்டாளிகள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே நானும் பி.டி. டீச்சரும் வலையைக் கம்பத்தில் கட்டினோம். மேல்கயிறு கோத்தாயிற்று, கீழ்க்கயிறு கோத்தாயிற்று. பிடித்து இழுத்தோம்.

இழுக்க இழுக்க வலை சுருங்கியது. ஓரத்தில் ஒரு மீட்டர் இருந்தது நடுவில் ஒரு முழம் ஆனது. இன்னும் இழுத்தோம், திரித்த துண்டு மாதிரி ஆகிவிட்டது. சரி என்று தளர்த்தினால் தொட்டிலாகத் தொங்கியது. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் மடங்கியது. பத்து நிமிஷம் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினோம்.

“அக்கா, கண்ணப் பாருங்க” என்றார் பி.டி. டீச்சர்.

பார்த்தேன். ஒவ்வொரு கண்ணும் சாய்சதுரம், முனையில் நிற்கிறது. கடலில் அதுதான் சரி. தண்ணீரில் வலை தளர்ந்து நிற்க வேண்டும், மீன் முட்டினால் கண் ஒடுங்கிப் பிடிக்க வேண்டும். வாலிபால் வலைக்குக் கண் சதுரமாக, நேராக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் விறைப்பாக நிற்காது. பாதி ஆயுள் வலையோடு வாழ்ந்த மனுஷனுக்குக் கண் என்றால் ஒரே கண்தான். வேறு மாதிரி ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. வருஷக்கணக்காகப் பள்ளி வலையை மடித்து வைத்த கை இது, ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருக்கிறதா?

அன்றைக்குப் பகல் எப்படிப் போனது என்றே தெரியாது. பதினோராம் வகுப்புக்கு இரண்டு முறை ஒரே கரைசலை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஜன்னல் வழியே பார்த்தால் கிரவுண்டில் கேப்டன் பிள்ளை வெறும் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலே எகிறி எகிறி அடித்துக்கொண்டிருந்தாள். நெட் வந்துவிடும், லேப் டீச்சர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்களிடம் சொல்கிறாள்! பிள்ளைகளுக்கு நான்தான் லேப் டீச்சர். முகத்தைத் திருப்பிக்கொண்டு டெஸ்ட் ட்யூப் கழுவினேன்.

கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் சாப்பாட்டுக் கூடை கண்ணில் பட்டது. என் கூடைதான், தினமும் பார்க்கிற கூடை. கூடையில் வயர் எப்படி நிற்கிறது? மேலிருந்து கீழே நேராகக் கொஞ்சம் வயர்கள். குறுக்கே ஒரு வயர் ஓடிப் போய், சந்திக்கிற இடத்திலெல்லாம் முடிச்சு. நேரும் குறுக்கும். சதுரம்! முடிச்சுகளை நெருக்காமல் தள்ளித் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? கூடை வலையாகும். கையிலிருந்த ட்யூபை வைத்துவிட்டு, யாருமில்லாத ஆய்வகத்தில், “அடியாத்தி!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபம். “மீனு வந்தா மாட்டும். பந்துக்கு என்ன கேடு?” என்றார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரமில்லை. வாசல் வேப்பமரத்துக்கும் எதிரே நிற்கிற தென்னைக்கும் நடுவில், எலி விட்டுவைத்த பள்ளிக் கயிற்றை நானே இழுத்துக் கட்டினேன். நூலை வெட்டி, இரண்டாக மடித்து, கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டேன். கூடைக்கு வயரை அப்படித்தான் மடிப்போம். ஒரு இழைக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு தீப்பெட்டி நீளம். பிறகு குறுக்கு நூலை ஓட்டினேன்.

முதல் வரிசையில் பத்து முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தேன். வழுக்கியது. வயர் பிடித்த மாதிரி நைலான் பிடிக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி வழுக்கியது. நூலைத் தூக்கி எறிந்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “ரெண்டு சுத்து சுத்தி இறுக்கு புள்ள. நைலான்னா ஒரு சுத்துல நிக்காது.”

திரும்பிப் பார்த்தேன். எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். இழுத்தேன், இம்மி நகரவில்லை.

“எங்கேருந்து ஆரம்பிக்கணும், சொல்லுங்க டீச்சர்” என்றார். கேலிதான். ஆனால் கேட்டார் பாருங்கள்! இருபது வருஷத்தில் முதல்முறையாக என் கைவேலைக்கு அவர் வழி கேட்டார்.

“அந்தக் கோடிலேருந்து வாங்க. நா இந்தக் கோடிலேருந்து வாரேன். தீப்பெட்டிய வச்சு அளந்துதான் போடணும், கண்ணால அளக்கக் கூடாது” என்றேன். நானா விடுவேன்?

வியாழன் சாயங்காலம் பாதி, வெள்ளி சாயங்காலம் மீதி. தொள்ளாயிரத்துச் சொச்சம் முடிச்சு. விரல் நுனியெல்லாம் எரிந்தது. வெள்ளிக்கிழமை மேல்விளிம்பில் வெள்ளைப் பட்டையைத் தைத்துவிட்டு, கீழ்க்கயிற்றையும் கோத்து, ஆளுக்கு ஒரு கோடியைப் பிடித்து இழுத்தோம். ஜம்மென்று நின்றது. வேப்பமரம் அசைந்ததே தவிர வலை சுருங்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு தேங்காயைத் தூக்கி அதன்மேல் எறிந்தார். வலை அதைத் திருப்பி அவர் காலடியிலேயே போட்டது. நான் கைகொட்டிச் சிரித்தேன். அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்த்து, “என்ன, குடும்பத்தோட கிறுக்கு புடிச்சிருச்சா?” என்றார். “ஆமா!” என்றேன்.

சனிக்கிழமை ஆறு பள்ளிக்கூடங்கள் வந்தன. நான் சேர் போட்டேன், தண்ணீர் வைத்தேன், மைக்கைத் தட்டினேன். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், நான் மட்டும் வலையைப் பார்த்தேன். பந்து மோதும்போதெல்லாம் என் நெஞ்சில் மோதியது. முதல் ஆட்டம் தாங்கியது, இரண்டாவதும் தாங்கியது. நான் சொன்னேனே, அந்தப் பக்கத்துப் பள்ளி, அவர்களுடைய பி.டி. சார் வந்து வலையைக் கையால் இழுத்துப் பார்த்தார்.

“நல்ல நெட்டா இருக்கே. எங்க வாங்குனீங்க?”

“கோட்டைப்பட்டினத்துல” என்றேன்.

“அங்க ஸ்போர்ட்ஸ் கடை இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். சாயங்காலம் மட்டுந்தான் தொறக்கும்.”

பி.டி. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் நடக்கும்போது தற்செயலாக கேட் பக்கம் பார்த்தேன். கேப்டன் பிள்ளையின் அம்மா. வியாபாரத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறார், வெறும் மீன் கூடை இடுப்பில். எனக்கு பக்கென்றது, வீட்டுக்குக் கூட்டிப்போக வந்துவிட்டாரோ என்று. அவர் உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். மகள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எப்படிப் பார்த்திருப்பார், ஆட்ட நேரமெல்லாம் அவருக்கு வியாபார நேரமாயிற்றே.

பதினான்குக்குப் பதின்மூன்று. நாங்கள் ஒன்று எடுத்தால் போதும். பந்து மேலே வந்தது, கேப்டன் பிள்ளை எகிறினாள். அந்த நொடியில் கேட்டிலிருந்து ஒரு குரல், கடற்கரை ஏலத்தில் எழும்புகிற குரல். “அடிடீ!”

அடித்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு பேருக்கு நடுவில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது பந்து. கிரவுண்டே அலறியது. நான் சாவிக்கொத்தைத் தலைக்கு மேல் சுற்றினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

மாவட்டப் போட்டி புதுக்கோட்டையில் என்று மைக்கில் சொன்னார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். கேப்டன் பிள்ளை மட்டும் குதிக்கவில்லை. கோப்பையைத் தோழி கையில் கொடுத்துவிட்டு, கம்பத்துப் பக்கம் போய், குனிந்த தலையோடு வலைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு செய்தும் இவ்வளவுதானா?

அந்த அம்மா கூடையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். பி.டி. டீச்சருக்கு முன்னால் நான் போய் நின்றுகொண்டேன். சத்தம் போடுவதென்றால் என்னைப் போடட்டும் என்று இருந்தேன்.

“டீச்சர், புதுக்கோட்டையில கிரவுண்டு எங்கன இருக்கு? பஸ் ஸ்டாண்டுலேருந்து தூரமா?”

“எதுக்குங்க கேக்குறீங்க?”

“நானுங்கூட வரணும்ல. வழி தெரியாம நா அங்கிட்டும் இங்கிட்டும் அலஞ்சுக்கிட்டுக் கெடந்தா, இவ ஆடுறது பாதி போயிருமே!”

கேப்டன் பிள்ளைக்குக் காதில் விழுந்துவிட்டது. பிடித்திருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து ஓடி வந்தாள். என் வலை மொத்தமும் புழுதியில் விழுந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.